பழைய கார் செட்டு: பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

மலைநாட்டில் மழை கடுத்தால் முதலில் போவது மின்சாரம். கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது இதை நாடே கண்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போன காலையையும், 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண்சரிவால் குடும்பங்கள் வீடிழந்து நின்றதையும் எமது வாசகர்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருங்கள், 100 பெய்தால் வெளியேற ஆயத்தமாகுங்கள், 150 பெய்தால் வெளியேறுங்கள் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுரை. மழைமானி வைத்திருக்கும் ஒருவர் இரவு இரண்டு மணிக்கும் இதை அளந்து அறிந்துவிடலாம். அறிந்ததை அந்த நேரத்தில் நாற்பது வீட்டுக்கு எப்படிச் சொல்வது?

இதற்காகத்தான் மீள்குடியேறிய குடும்பங்கள் பல எம்மிடம் ஒலிபெருக்கி பற்றி விசாரிக்கின்றன. மைக் பூட்டும் வசதியும், 12 வோல்ட் பெட்டரியில் ஓடும் வசதியும் உள்ள புதிய ஒலிபெருக்கிச் செட்டை வாங்கப் பணம் இருந்தால் அதையே வாங்குங்கள். அந்தப் பணம் இல்லாதவர்களுக்கே இக்கட்டுரை. பண்டாரவளை, பதுளைப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளிலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் வான்களிலிருந்தும் கார்களிலிருந்தும் கழற்றிய அம்ப்ளிபயர்கள் கிடைக்கின்றன. அவை பிறந்ததே 12 வோல்ட்டுக்கு. 1990க்குப் பின் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபாயும் சரிந்தது. பழைய பொருட்களுக்கு மவுசு கூடி, அரைகுறையாகத் திருத்திய செட்டுகளும் மினுக்கித் துடைத்து விலைக்கு வந்தன. ஆகவே கண்ணால் பார்த்து வாங்கினால் போதாது.

கடையில் நின்றபடியே

மூடியில் 1000 வாட் என்று எழுதியிருப்பதை நம்பவேண்டாம். பக்கத்தில் உள்ள பியூசைப் பாருங்கள். 30 அம்பியர் பியூஸ் என்றால் உள்ளே போகக்கூடியதே சுமார் 400 வாட்தான். அதில் பாதியளவு சூடாகிப் போகும். மிச்சம் 200 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். எமது தேவைக்கு அதுவே தாராளம்.

மூக்கை வைத்துப் பாருங்கள். கருகிய வாடை இலேசில் போகாது. கடைக்காரர் சம்மதித்தால் அடிமூடியைக் கழற்றச் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் வேறு கடைக்குப் போவதே நல்லது. உள்ளே உருளை வடிவக் கண்டென்சர்களின் தலை தட்டையாக இருக்கவேண்டும். உப்பியிருந்தால் அல்லது அடியில் பிசின் போல ஏதும் கசிந்திருந்தால் அவற்றை மாற்றவேண்டி வரும். அது பெரிய செலவல்ல. எமது பக்கத்து மூடுபனியில் செம்புக் கோடுகள் பச்சை பூப்பதும் வழக்கம். பழைய பல்துலக்கும் தூரிகையும் ஸ்பிரிட்டும் போதும். ஆனால் பலகை கரியாகியிருந்தால் விட்டுவிடுங்கள். கரி மின்சாரத்தைக் கடத்தும். எத்தனை பாகம் மாற்றினாலும் அந்த இடம் திரும்பத் திரும்ப எரியும்.

மீட்டர் கொண்டுபோனவர்கள், பெட்டரி நேர் முனைக்கும் எதிர் முனைக்கும் இடையில் தடையை அளக்கலாம். பூச்சியத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் உள்ளே ஷோர்ட். விலையை அதற்கேற்பப் பேசவேண்டும்.

பல்ப் வைத்துச் சோதித்தல்

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேரே பெட்டரியில் மாட்டுவதுதான் பலர் செய்யும் வேலை. ஒரு சிறு குறை பெரும் புகையாவது அப்போதுதான். பழைய ரேடியோ பாஸ்மார் கையாண்ட முறை ஒன்று உண்டு. பெட்டரியின் நேர் முனைக்கும் செட்டுக்கும் இடையில் 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றைத் தொடராக வைப்பது. உள்ளே என்ன குறை இருந்தாலும் நாலரை அம்பியருக்கு மேல் ஓடாது. பல்ப் எரியும், செட்டு தப்பும்.

ஸ்பீக்கர் எதையும் பூட்டாமல் முதலில் நேர், எதிர் வயர்களை மட்டும் கொடுங்கள். பல்ப் ஒருமுறை மின்னி அணைந்தால் நல்லது. அப்போதே முழுதாக எரிந்தால், பெட்டரியை மாறிக் கொடுத்ததில் வாசலில் உள்ள காவல் டயோட் போயிருக்கலாம், அல்லது மின்வழங்கிப் பகுதியின் மொஸ்பெட்டுகள் ஷோர்ட் ஆகியிருக்கலாம். டயோட் மட்டும் என்றால் அது மலிவு.

அடுத்து, ஆர்.ஈ.எம். என்று எழுதிய சிறு முனைக்கு 12 வோல்ட் கொடுங்கள். அதைக் கொடுக்காமல் செட்டு எழும்பாது. இது தெரியாமல் நல்ல செட்டைப் பழுதென்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. பல்ப் சற்று மின்னி மங்கிப் போனால் சரி. அணைந்திருந்த பல்ப் இப்போது பளீரென்று எரிந்தால், குறை பின்பகுதியில், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் டிரான்சிஸ்டர்களில் இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

ஜப்பான் வானொன்றில் இருந்த நான்கு சனல் செட்டு ஒன்று எம்மிடம் இப்படித்தான் வந்தது. சிவப்பு விளக்கு அணையவேயில்லை. ஸ்பீக்கர் வயரையும் ஆர்.சி.ஏ. வயரையும் கழற்றிப் பார்த்தோம். அப்போது விளக்கு அணைந்திருந்தால் குறை வெளியே என்று அர்த்தம், அது அணையவில்லை. பல்பும் இரண்டாம் கட்டத்தில் முழுதாக எரிந்தது. செட்டின் வரைபடம் எம்மிடம் இல்லை. ஆனால் இத்தகைய செட்டில் நல்ல சனலே வரைபடம். வலப்பக்கம் ஒவ்வோர் இடத்திலும் மீட்டர் என்ன காட்டுகிறதோ அதையே இடப்பக்கமும் காட்டவேண்டும். மூன்றாம் சனலில் ஒரு டிரான்சிஸ்டரின் உலோக முதுகுக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் இடையில் பூச்சியம் காட்டியது. கழற்றினால் இடையில் இருக்கவேண்டிய மைக்கா தகடு இல்லை! முன்பு யாரோ திருத்தியபோது விட்டுவிட்டார். புதிய மைக்கா, இருபுறமும் வெள்ளைப் பசை, அந்தச் சனலுக்கு ஒரு சோடி டிரான்சிஸ்டர், கருகிய இரண்டு சிறு தடைகள். வேலை முடிந்தது.

டிரான்சிஸ்டரை எப்போதும் சோடியாகவே மாற்றுங்கள். மின்வழங்கியின் மொஸ்பெட் ஒன்று போனால் எல்லாவற்றையும் ஒரே வகையில் மாற்றி, அவற்றின் கேட் தடைகளையும் அளந்து பாருங்கள். கொழும்பு புறக்கோட்டையில் பாகங்கள் கிடைக்கும். ஆனால் பெயர் மாற்றி அச்சடித்த போலிகளும் சந்தையில் உண்டு. மிக மலிவாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

ஸ்பீக்கர் பூட்டுமுன் இன்னுமொன்று. ஸ்பீக்கர் முனைகளில் நேர் மின்னோட்ட வோல்ட்டை அளவுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் பூட்டாதீர்கள், கொயில் வெந்துவிடும். கரகரவென்ற சத்தம் பெரும்பாலும் கெயின் திருகியின் தூசிதான். கிளீனர் அடித்துப் பத்துத் தடவை திருப்பினால் போய்விடும். தட்டினால் வந்து போகும் சத்தத்துக்குக் காரணம், முனைகளின் அடியில் வெடித்த ஈயம். மீண்டும் ஈயம் வைத்தால் சரி.

வயர், ஹோர்ன், மைக்

தகரமும் தறப்பாளும் போட்ட கொட்டிலில் தீ பிடிக்கப் பெரிய காரணம் வேண்டாம். பெட்டரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் கட்டாயம் ஒரு பியூஸ் இருக்கவேண்டும். செட்டில் உள்ள பியூஸ் செட்டைக் காக்கும். இடையிலுள்ள வயரைக் காக்காது. பியூஸ் போனால் கம்பி சுற்றவேண்டாம். நெருக்கிப் பேசுகிறோம் என்று எண்ணவேண்டாம், ஒரு லயத்தில் ஒரு காம்பிரா எரிந்தால் மற்றதும் எரியும்.

பெட்டரியைச் செட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் ஐந்து மீற்றர் தூரத்திலிருந்து 20 அம்பியர் இழுத்தால் 2.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே வயரை ஸ்பீக்கர் பக்கம் 50 மீற்றர் இழுத்து, 16 ஓம் ஹோர்ன் ஒன்றைக் கம்பத்தில் பூட்டினால் நட்டம் நூற்றுக்கு ஏழுதான். 4 ஓம் கார் ஸ்பீக்கர் என்றால் கால்வாசிக்குச் சற்றுக் குறைய நட்டம். 16 ஓமில் செட்டு கொடுக்கும் வாட் குறையும் என்பது உண்மை. இருந்தும் ஹோர்னின் குழல் பேச்சைத் தூரத்துக்கு எறியும். பத்துப் பன்னிரண்டு வாட்டே ஒரு குடியிருப்புக்குப் போதும்.

ஹோர்னின் யுனிட்டுக்கு அடித்தொனி ஆகாது. செட்டில் எச்.பி.எஃப். சுவிட்ச் இருந்தால் போட்டுவிடுங்கள். அத்துடன் 33 மைக்ரோபெரட் நொன்-போலார் கண்டென்சர் ஒன்றைத் தொடராக வையுங்கள். சுமார் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அது குறைத்துவிடும். நேர், எதிர் குறித்த சாதாரண கண்டென்சர் இதற்கு உதவாது.

60 அம்பியர்-மணி பெட்டரியில் பாதியை மட்டும் எடுப்பது என்று வைத்தால், பேச்சுக்குச் சராசரி 3 அம்பியர் போக, பத்து மணித்தியாலம் வரும். சும்மா இருக்கும்போதும் செட்டு ஓர் அம்பியர் அளவு இழுக்கக்கூடும். எனவே ஆர்.ஈ.எம். வயரில் ஒரு சுவிட்ச் வைத்து அணைத்துவிடுங்கள். ஓய்விலிருக்கும் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12க்கு இறங்கினால் உடனே ஏற்றவேண்டும்.

திருத்தி முடித்தவர்கள் கடைசியில் தடுமாறுவது மைக்கில். கார் செட்டுக்கு மைக் நேரே பூட்ட முடியாது. அதன் ஒலி மிகச் சிறிது. இடையில் ஒரு சிறு மைக் மிக்சர் வேண்டும். அதுவும் இல்லாதவர்களுக்கு இலேசான வழி கைத்தொலைபேசி. “மழை 100 தாண்டிவிட்டது, ஆயத்தமாகுங்கள்” என்றும், “150 தாண்டிவிட்டது, உடனே வெளியேறி பாடசாலைக்குப் போங்கள்” என்றும் ஊருக்குத் தெரிந்த ஒருவரின் குரலில் தமிழிலும் சிங்களத்திலும் முன்பே பதிவுசெய்து வைத்து, ஆர்.சி.ஏ. வயர் வழியாகப் போடலாம். கோபுரம் விழுந்து சிக்னல் இல்லாமல் போனாலும் தொலைபேசியில் உள்ள பதிவு பேசும். ஒரு பிரதி இன்னொருவர் தொலைபேசியிலும் இருக்கட்டும்.