கடன் வாங்கிய உற்சாகம்

பரீட்சைக்கு முந்திய இரவில் கண்விழித்துப் படிக்க விரும்பும் மாணவன் சக்திப் பானமொன்றை நாடுகிறான். அருந்தியதும் சோர்வு அகன்றதென எண்ணுகிறான். உண்மையில் சோர்வு அகலவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது.

விழித்திருக்கும் வேளையில் அடினோசின் என்னும் பொருள் மூளையில் சிறிது சிறிதாகச் சேர்ந்து, நித்திரை வேண்டுமென உணர்த்துகிறது. பானத்திலுள்ள கஃபீன் அவ்வுணர்வைத் தடுத்துவிடுகிறது. 250 மில்லிலீற்றர் கொண்ட பேணியொன்றில் பொதுவாக 80 மில்லிகிராம் கஃபீன் உண்டு. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் சென்ற பின்னரும் அதிற் பாதி உடலில் எஞ்சியிருக்கும். படித்தவற்றை நினைவில் நிலைநிறுத்துவதற்கு நித்திரை துணைபுரிகிறது. அதனை இழந்தவன் படித்ததன் பயனையும் ஓரளவு இழக்கிறான்.

சிறுவர்க்கு ஒரு நாளில் உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 3 மில்லிகிராம் கஃபீனே எல்லையென ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015இல் கணித்தது. 25 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளை ஒரு பேணியை அருந்தினாலே அவ்வெல்லை கடந்துவிடும். மிகுதியாக அருந்துவோர்க்கு நெஞ்சுப் படபடப்பும் இரத்த அழுத்த உயர்வும் நேரலாம்.

சீனியையும் கவனித்தல் வேண்டும். இத்தகைய பேணிகள் பலவற்றில் ஏறத்தாழ 27 கிராம் சீனி உண்டு. வளர்ந்தவர்க்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்கு உட்பட்டிருப்பதே நலமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையாகும்.

லித்துவேனியா 2014இலும் போலந்து 2024இலும் 18 வயது நிரம்பாதோர்க்கு இப்பானங்களை விற்பதைத் தடைசெய்தன.

களைத்த உடல் வேண்டுவன உணவும் நீரும் நித்திரையுமே. கடன் வாங்கிய உற்சாகத்தை அவ்வுடலே வட்டியுடன் திருப்பிச் செலுத்த நேரிடும்.