அனுப்பியவர் யார்?

மனித வணிகம் என்றவுடன், விற்கப்பட்டவர்களின் கண்ணீர் நம் நினைவுக்கு வருகிறது. அவர்களே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் அது பல நாடுகளில் நிகழ்ந்து வருகிறது. வேலை தருவதாகக் கூறி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் போதைப்பொருளைச் சுமக்கவும், கஞ்சாச் செடிகளை வளர்க்கவும், திருடவும், பொய்க் கடவுச்சீட்டுடன் எல்லையைக் கடக்கவும் ஏவப்படுகிறார்கள். காவலர் வரும் வேளையில் ஏவியவன் அங்கே இருப்பதில்லை, ஏவப்பட்டவரே பிடிபடுகிறார். இத்தகையோருக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு யாது என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

ஒரு தாயின் வழக்கு

பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த மேரி ஜேன் வெலோசோ இரு பிள்ளைகளின் தாய். வீட்டுவேலைக்கென்று மலேசியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர், அங்கிருந்து இந்தோனேசியாவுக்கு அனுப்பப்பட்டார். 2010 ஏப்ரல் மாதம் யோக்யகர்த்தா விமான நிலையத்தில் அவருடைய பெட்டியில் 2.6 கிலோ ஹெராயின் கண்டெடுக்கப்பட்டது. பெட்டியில் அது இருந்ததைத் தாம் அறியவில்லை என்று அவர் கூறினார். அவ்வாண்டு அக்டோபரில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

2015 ஏப்ரல் 29ஆம் நாள் அதிகாலையில் அவர் சுட்டுக் கொல்லப்படவிருந்தார். அதற்கு முந்தைய நாள், அவரை அனுப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண் பிலிப்பைன்ஸ் காவல் துறையிடம் சரணடைந்தார். அவ்வழக்கில் மேரி ஜேனின் சாட்சியம் தேவைப்பட்டதால் அவருடைய தண்டனை கடைசி நேரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. அன்று மற்ற எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். வேறு பெண்களைச் சட்டவிரோதமாக வேலைக்குச் சேர்த்த குற்றத்துக்காக அந்த ஆள் சேர்ப்போர் இருவருக்கும் 2020ஆம் ஆண்டு ஆயுள் தண்டனை கிடைத்தது. மேரி ஜேனோ 2024 டிசம்பர் 18ஆம் நாள்தான் தாயகம் திரும்பினார். அங்கும் மகளிர் சிறைக்கே கொண்டு செல்லப்பட்டார்.

வணிகர்களால் வற்புறுத்தப்பட்டுக் குற்றம் புரிந்தவர் தண்டிக்கப்படலாகாது என்று இந்தோனேசியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டமே, தன் 18ஆம் பிரிவில் கூறுகிறது. நல்ல சட்டம் ஏட்டில் இருந்தும், உரிய காலத்தில் உரிய கேள்வி கேட்கப்படாவிடில் பயன் என்ன?

சட்டம் கூறும் அளவுகோல்

கட்டாய உழைப்பின் நேரடி விளைவாகத் தவறு செய்ய நேர்ந்தவர்கள்மீது வழக்குத் தொடராமலும் தண்டனை விதியாமலும் இருக்க அதிகாரிகளுக்கு உரிமை வேண்டும் என்று, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2014ஆம் ஆண்டு ஒப்பந்தம் வலியுறுத்துகிறது. இங்கிலாந்தின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம் இதனை 45ஆம் பிரிவில் விரிவாக வகுத்துள்ளது. வயது வந்தவராயின், அடிமைத்தனத்தாலோ சுரண்டலாலோ அவர் கட்டாயப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அவர் நிலையிலுள்ள நியாயமான ஒருவருக்கு வேறு வழி இருந்திராது என்பதும் வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவராயின் கட்டாயம் நிரூபிக்கப்பட வேண்டியதில்லை; சுரண்டலின் நேரடி விளைவாக அச்செயல் நேர்ந்திருக்க வேண்டும்; அவர் நிலையிலுள்ள நியாயமான ஒருவரும் அதைச் செய்திருப்பார் என்பதும் வேண்டும். எனினும் கொலை, ஆட்கடத்தல், கொள்ளை போன்ற கொடிய குற்றங்களுக்கு இப்பிரிவு பொருந்தாது.

இச்சட்டம் வருமுன், 2009ஆம் ஆண்டில், வியட்நாமைச் சேர்ந்த சிறுவர் இருவர் இங்கிலாந்தில் கஞ்சா வளர்க்கப்பட்ட இடங்களில் பிடிபட்டனர். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையும் பெற்றனர். அவர்கள் வணிகத்துக்கு இரையானவர்களா என்று முன்னதாக ஆராயாமல் வழக்கு நடத்தியது தவறு என 2021 பிப்ரவரி 16ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் அத்தவற்றை மறைத்துவிடாது என்று அது கருதியது. இது கவனிக்கத்தக்கது. அடிமைப்பட்டவர் முதல் விசாரணையில் உண்மையைச் சொல்வது அரிது. ஊரிலுள்ள பெற்றோருக்கு ஆபத்து வருமோ என்ற அச்சமும், தீராத கடனும், புரியாத மொழியும், வெட்கமும் அவர் வாயைக் கட்டிவிடுகின்றன.

நம் நாட்டில்

மனிதரை விற்பதை நம் அரசியலமைப்பின் 23ஆம் விதி தடை செய்கிறது. ஆனால் இங்கிலாந்தில் உள்ளது போன்ற தனிப் பாதுகாப்புப் பிரிவு நம் சட்டத்தில் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 32ஆம் பிரிவு, உடனடி மரணம் நேரும் என்ற மிரட்டலுக்கு அஞ்சிச் செய்த செயலை, கொலை முதலிய சில நீங்கலாக, மன்னிக்கிறது. அந்த மரண அச்சம் மிரட்டப்பட்டவரின் உயிரைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். ‘உன் தங்கையைக் கொல்வோம்’ என்பதற்கு அஞ்சிய பெண்ணுக்கு அப்பிரிவு உதவாது. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவோ, பொது இடத்தில் நின்று ஆடவரை அழைக்கும் பெண்ணைத் தண்டிக்கிறது. அவளை அங்கே நிறுத்தியவர் யார் என்று அது வினவுவதில்லை.

எனினும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், தன் 12ஆம் பிரிவில், மனித வணிகத்துக்கு இரையானோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை வழங்கியுள்ளது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் வழக்குரைஞர் கிடைப்பார்.

நாம் செய்யத்தக்கது

அன்பார்ந்த பெற்றோரே, பிள்ளைகள் தொலைவிடத்துக்கு வேலைக்குப் புறப்படும்போது, அழைத்துச் செல்பவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பணம் கொடுத்த ரசீது, வந்த கடிதம் ஆகியவற்றின் படிகளை வீட்டில் வைத்திருங்கள். பிறர் கொடுத்த பெட்டியைச் சுமக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அயல்நாட்டில் கைது நேர்ந்தால், இந்தியத் தூதரகத்துக்குச் செய்தி தெரிவிக்குமாறும், தம் தாய்மொழியில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் காத்த அந்தக் காகிதங்களே, ‘இவரை அனுப்பியவர் வேறொருவர்’ என்பதற்குச் சான்றாகும்.

சகோதரர்களால் விற்கப்பட்ட யோசேப்பு, எகிப்தியச் சிறையில் இருந்தபோது, தாம் அந்நாட்டுக்கு வந்த வரலாற்றைச் சொல்லி உதவி வேண்டினார். கேட்டவரோ விடுதலையானதும் அவரை மறந்துபோனார். யோசேப்பு மேலும் ஈராண்டுகள் சிறையில் கிடந்தார்.

நம் பங்கில் ஒரு வீட்டுக்கு இத்தகைய செய்தி வருமாயின், அயலார் ஒதுங்குவதும் உறவினர் பழிப்பதும் அக்குடும்பத்தின் வாயை அடைத்துவிடும். உண்மை வெளிவரத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் சிறையிலிருப்பவருக்கே இழப்பு. ஆதலால், ‘என்ன செய்தாள்?’ என்று கேட்குமுன், ‘அவளை அனுப்பியவர் யார்?’ என்று கேட்போம். விடை தேட அக்குடும்பத்துடன் நாமும் செல்வோம்.