அரைப் புள்ளியின் அருமை

சதுரங்கப் போட்டியில் வென்றவருக்கு ஒரு புள்ளி, தோற்றவருக்கு ஒன்றுமில்லை, வெற்றி தோல்வியின்றி ஆட்டம் முடியின் இருவருக்கும் அரைப் புள்ளி. இவ்வரைப் புள்ளியைச் சோம்பலின் கூலி என எள்ளுவோர் உளர். அக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க விழைகிறோம்.

மன்றப் போட்டியில் ஆடும் நடுத்தரத் திறமையினர் இருவரை எண்ணிக்கொள்வோம். நெடுநேரப் போருக்குப் பின் ஒருவரிடம் அரசன், யானை, பலகையின் நடுவே ஒரு சிப்பாய் ஆகியவை எஞ்சியுள்ளன. மற்றவரிடம் அரசனும் யானையும் மட்டுமே. சிப்பாய் கடைசி வரிசையை எட்டினால் ராணியாகிவிடும். "இனிப் பயனில்லை" என்று அரசனைச் சாய்த்துவிடவே பலருக்குத் தோன்றும்.

ஆயினும் தப்ப வழி உண்டு. பிரெஞ்சு நாட்டின் இசை வல்லுநரும் சதுரங்க மேதையுமான பிலிடோர், 1777ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூற்பதிப்பில் அதனை ஆராய்ந்து காட்டினார். தற்காப்பவர் தம் அரசனைச் சிப்பாயின் பாதையில் நிறுத்த வேண்டும். யானையைத் தம் பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாம் வரிசையில் வைத்தல் வேண்டும். எதிரியின் அரசன் அவ்வரிசைக்குள் அடிவைக்க இயலாது. எதிரி காத்திருந்தால், யானையும் அவ்வரிசையிலேயே இடம் மாறிக் காத்திருக்கலாம். எதிரி பொறுமையிழந்து சிப்பாயை அவ்வரிசைக்குத் தள்ளியவுடன், யானை பலகையின் மறுகோடிக்கு விரைந்து, பின்புறமிருந்து அரசனுக்குச் 'செக்' கொடுத்துக்கொண்டே இருக்கும். சிப்பாய் முன்னே போய்விட்டமையால் அரசனுக்கு ஒதுங்க நிழலில்லை. ஒரே நிலை மும்முறை தோன்றினால் சமநிலை கோரலாம்.

இங்கே அரைப் புள்ளியை ஈட்டித் தந்தது கற்ற கல்வியும் கலங்காத உள்ளமுமே அன்றோ? 2018ஆம் ஆண்டு இலண்டனில் கார்ல்சனும் கருவானாவும் உலகப் பட்டத்திற்காக ஆடிய 12 ஆட்டங்களும் சமநிலையிலேயே முடிந்தன. பின்னர் நடந்த விரைவு ஆட்டங்களே பட்டத்தைத் தீர்மானித்தன. அவ்விருவரையும் சோம்பர் என எவர் கூறுவர்?

மாலைப் பொழுதில் பலகை விரிக்கும் அன்பர்கள் இந்நிலையை ஒருமுறை அடுக்கி, இரு பக்கமும் மாறி மாறி ஆடிப் பார்ப்பாராக. ஒரு சிப்பாய் குறைந்ததென்று அரசனைச் சாய்க்குமுன், யானைக்கு மூன்றாம் வரிசை கிட்டுமா என நோக்குதல் நன்று.