கார்போகரிசியும் கதிரவனும்



நல்லூர்த் திருவிழாக் காலத்தில், தண்ணீர்ப்பந்தலில் நண்பகல் வெயிலில் நின்று தேசிக்காய் பிழிந்தவர் சிலர்க்கு ஓரிரு நாள் கழித்துப் புறங்கையில் கொப்புளம் எழுவதுண்டு. அது மாறிய பின்னும் கரிய வடு வாரக்கணக்கில் நிற்கும். புளிப்புச் சாறு சுட்டுவிட்டது என்று நாம் எண்ணுவோம். அஃது உண்மையன்று. நிழலிலிருந்து பிழிந்து, கையைக் கழுவியவர்க்கு இவ்வாறு நேர்வதில்லை. தேசிக்காய்த் தோலிலுள்ள ஒருவகை இரசாயனப் பொருளும் வெயிலும் கூடியே இதனை விளைவிக்கின்றன.

அதே இனப் பொருள் நம் சித்த வைத்தியர் வெண்புள்ளிக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் கார்போகரிசியிலும் உண்டு. இந்திய வேதியியலாளரான ஜோயிஸ், மஞ்சுநாத் முதலியோர் 1933 ஆம் ஆண்டில் அதனைப் பிரித்தெடுத்தனர். செடியின் தாவரவியற் பெயரை ஒட்டி அது சோரலென் எனப்பட்டது. 1974 இல் அமெரிக்க மருத்துவர்கள், சோரலென் இன மருந்தை உட்கொள்ளச் செய்து, பின்னர் அளவிட்ட கதிரைப் பாய்ச்சிக் காளாஞ்சகப்படை எனும் சொரியாசிசைத் தணிக்கும் முறையை வெளியிட்டனர்.

இப்பொருள் உடலின் கலத்துள் செய்வது யாது? ஓர் உவமையாற் காண்போம். கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ., ஒன்றோடொன்று முகம் பொருந்திய இரண்டு பனையோலைகள் போன்றது என்க. உடலுக்கு வேண்டிய புரதங்களை ஆக்கும் விதிகள் அதில் எழுதப்பட்டுள்ளன. மூல ஏடு கருவை விட்டு வெளியே செல்வதில்லை. பொலிமரேசு என்னும் நொதியம், ஏடு பெயர்த்தெழுதுவோன்போல் ஓலைகளைச் சிறிது சிறிதாகப் பிரித்து, ஒன்றைப் பார்த்துப் படியெடுக்கின்றது. அப்படியே ஆர்.என்.ஏ. ஆகும்.

சோரலென் தட்டையான சிறு மூலக்கூறு. அது ஓலைகளின் எழுத்துகளுக்கிடையே எளிதிற் புகுந்து அமரும். இருளில் பெருந்தீங்கு செய்யாது. 320 முதல் 400 நனோமீற்றர் வரை அலைநீளமுள்ள ஊதாக்கடந்த கதிர் பட்டதும், தைமின் என்னும் எழுத்தோடு இறுகப் பிணைந்துவிடும். மீண்டும் கதிர் படின் எதிர் ஓலையையும் பற்றிக்கொள்ளலாம். வெயிலில் மட்டும் உறையும் பசையால் இரண்டு ஓலைகளை ஒட்டியதற்கு இஃது ஒப்பாகும்.

ஒட்டிய ஏட்டைப் பிரிக்கவியலாது. எனவே படியெடுப்போன் அவ்விடத்தே நின்றுவிடுகிறான். ஓர் ஓலையில் மட்டும் பசை பட்டிருப்பினும், அவன் படிக்கும் ஓலை அதுவாயின், வேலை தடைப்படும். ஆர்.என்.ஏ. ஆக்கம் குறைகிறது. நீண்ட நூலில் பசை பட்ட இடம் எதிர்ப்படும் வாய்ப்பு மிகுதியன்றோ? அதுபோல நெடிய பரம்பரை அலகுகளே பெரிதும் தடைப்படுகின்றன.

ஆயினும் கலம் வாளாவிருப்பதில்லை. தடைப்பட்டு நிற்கும் நொதியமே பழுதுள்ள இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிறது. செப்பஞ்செய்யும் நொதியங்கள் அங்கு வந்து, கெட்ட பகுதியை வெட்டி நீக்கிப் புதிது வைக்கின்றன. பயன்பாட்டிலுள்ள பரம்பரை அலகுகள் ஏனையவற்றினும் விரைவிற் செப்பமுறுவதை, 1985 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹனவோல்ற்று குழுவினர் காட்டினர். செப்பம் முற்றினால் ஆர்.என்.ஏ. ஆக்கம் மீளும், முற்றாவிடின் கலம் மடியும். பிழையாகச் செப்பமுற்றாலோ, விதியின் எழுத்தே மாறிவிடும்.

மருந்தின் நன்மையும் தீமையும் இங்கேதான் உள்ளன. அளவோடு கதிர் பட்டால், சொரியாசிசில் வரம்பின்றிப் பெருகும் கலங்கள் அடங்குகின்றன; வெண்புள்ளியில் மயிர்க்கால்களில் எஞ்சிய நிறக்கலங்கள் தூண்டப்பெற்றுப் பரவுகின்றன. அளவு மிஞ்சினாற் தோல் வெந்து கொப்புளிக்கும். பல்லாண்டு இச்சிகிச்சை மிகுதியாகப் பெற்றோரிடம் தோற்புற்றுநோய் அதிகரித்ததும் அறியப்பட்ட உண்மை.

ஆகவே, கடையிற் கார்போகரிசி வாங்கி அரைத்துப் பூசி, முற்றத்து வெயிலிற் குந்தியிருப்பது தகாது. நம் குடாநாட்டு வெயிலுக்கு அளவுகோல் இல்லை. முகில் மூடிய நாளிலும் அக்கதிர் வரும். கண்ணாடிச் சாளரத்தையும் ஊடுருவும். தேர்ந்த வைத்தியரோ தோல் மருத்துவரோ அளவு குறித்த பின்னரே இம்மருந்தைக் கொள்ளல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. வெண்புள்ளி தொழுநோயன்று; தொற்றுவதுமன்று. அவ்வுண்மையை ஊரார் உணர்ந்துவிட்டால், மணப்பேச்சுக்கு முன் மகளின் புள்ளியை மறைத்துவிட வேண்டுமென்று தவிக்கும் தாய், அவளை அவசரமாக வெயிலில் இருத்தவும் மாட்டாள்.