மாரிமுத்து விட்டுப்போன நாற்காலி

"செத்துப்போன மனிசன் எப்பிடி மனே இன்னும் நாடகத்தில வந்து கதைக்கிறார்?"

2023 செப்டெம்பரில் பாண்டிருப்பு வீட்டுத் திண்ணையில் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே பெரியம்மா கேட்டா. அந்த மாதம் 8ஆம் திகதி ஜி. மாரிமுத்து சென்னையில் காலமாகியிருந்தார். அடுத்து வந்த இரவுகளிலும் ஒன்பதரை மணிக்கு, சன் டிவியின் 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக அவர் வீட்டை அதட்டிக்கொண்டுதான் இருந்தார்.

தொடர் நாடகத்தில் இன்று பார்க்கும் காட்சி பல நாட்களுக்கு முன்பே எடுத்தது. கிழமையில் ஆறு நாள் ஒளிபரப்பு என்றால், கையிருப்பு இல்லாமல் ஓட்ட முடியாது. முதலில் நடிப்பைப் படம்பிடிப்பார்கள். பிறகு நடிகர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், திரையில் தன் வாயசைவைப் பார்த்து அதே வசனத்தை மறுபடி பேசுவார். மாரிமுத்து நெஞ்சு நோவோடு எழுந்து போனது அந்த டப்பிங் வேலையின் நடுவில்தான். எடுத்த காட்சி இருந்தது, குரல் கொடுக்க வேண்டியவர் இல்லை. இதைச் சொன்னபோது பெரியம்மா கிளாசைக் கீழே வைத்துவிட்டா.

குணசேகரனின் நாற்காலிக்கு மாரிமுத்து வந்து சேர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பக்கம் பிறந்து, இயக்குநராகும் ஆசையில் 1990களின் தொடக்கத்தில் சென்னைக்குப் போனவர். கவிஞர் வைரமுத்துவிடம் இருந்தார். ராஜ்கிரண், மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே. சூர்யா என்று பலரிடம் உதவி இயக்குநராக உழைத்தார். சொந்தமாக இயக்கியவை இரண்டே படங்கள்: 2008இல் 'கண்ணும் கண்ணும்', 2014இல் 'புலிவால்'. இடையில் 2011இல் மிஷ்கின் 'யுத்தம் செய்' படத்தில் நடிக்க வைத்தார். 'பரியேறும் பெருமாள்' படத்தில் நாயகியின் தகப்பனாக வந்தாரே, அவரேதான். ஆனாலும் அவருடைய பெயர் நம் வீடுகளுக்குள் வந்தது 2022 பெப்ரவரியில் தொடங்கிய இந்தத் தொடரால்தான்.

காரணம் அவருடைய நடிப்புமுறை என்று நினைக்கிறேன். வில்லன் என்றால் கண்ணை உருட்ட வேண்டும் என்ற வழக்கத்தை அவர் பின்பற்றவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஊர்ப்பேச்சில், தான் சொல்வது நியாயம் என்று முழுதாக நம்புகிற ஒரு மூத்த அண்ணனைக் காட்டினார். வீட்டுக்கு வந்த படித்த மருமகள்மாரை அடுக்களையோடு நிறுத்தப் பார்க்கும் அந்த மனிதரை மருதமுனையிலும் தெரியும், பாண்டிருப்பிலும் தெரியும். எத்தனையோ வருடம் கமெராவுக்குப் பின்னால் நின்று மற்றவர்களின் நடிப்பைப் பார்த்தவருக்கு, எவ்வளவு குறைத்தால் போதும் என்று தெரிந்திருந்தது.

"அப்ப வேற ஆளைப் போட்டாச் சரிதானே? நம்மட கோயில்ல வருசா வருசம் ஆள் மாறல்லையா?"

நல்ல கேள்வி. திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் சடங்கில் பாண்டவராக யார் வந்தாலும் நாம் கும்பிடுகிறோம். தருமர் நமக்கு முன்பே தெரிந்தவர். வேடம் எடுக்கும் ஆள் அவருக்கு உடம்பைக் கொடுக்கிறார், அவ்வளவுதான். குணசேகரன் அப்படியல்ல. மாரிமுத்துவின் குரலையும் முறைப்பையும் கழித்துவிட்டால் அந்த மனிதன் என்று ஒருவனே இல்லை.

'கோலங்கள்' எடுத்த அனுபவசாலியான இயக்குநர் திருச்செல்வத்துக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். உடனே ஆளை மாற்றாமல், கதைக்குள் குணசேகரனைக் கொஞ்ச நாள் காணாமற்போக விட்டார். ஒக்டோபரில் வேல ராமமூர்த்தி வந்தார். 'குற்றப் பரம்பரை' நாவலை எழுதியவர், இராணுவத்தில் இருந்தவர், கம்பீரமானவர். அவர் தன் வழியில் நடித்தார். முந்தியவரைப் போலச் செய்து காட்ட முனையாததை நான் மதிக்கிறேன்.

பெரியம்மாவும் தொடர் முடியும்வரை பார்த்தா. "இவரும் நல்லாத்தான் செய்யிறார் மனே," என்று ஒருநாள் சொன்னா. "ஆனா அவர் 'ஏய், இந்தாம்மா' எண்டா நான் குசினிக்குள்ள இருந்து எட்டிப் பாப்பன்."