இசுலாமிய ஆன்மிகத்தில் கல்பு: சொல்லும் பொருளும்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தில் புதுச்சேரியை ஒட்டி அமைந்துள்ள கோட்டக்குப்பம் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் கடற்கரை ஊராகும். இத்தகைய ஊர்களின் சமயவழக்கில் மனம், இதயம் என்னும் சொற்களோடு ‘கல்பு’ என்னும் அரபுச் சொல்லும் நிலைபெற்றுள்ளது. அதன் காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்பொருள்

‘கல்பு’ என்பது ‘திருப்புதல், புரட்டுதல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. நிலைமாறும் இயல்பு அதன் பெயரிலேயே அடங்கியுள்ளது. திருக்குர்ஆன் (7:179, 22:46) உணரும் ஆற்றலோடு விளங்கிக்கொள்ளும் ஆற்றலையும் கல்புக்கே உரியதாக்குகிறது. பின்னைய வசனம் அதன் இடம் மார்பு என்கிறது. மனம் என்னும் தமிழ்ச்சொல் உடலுறுப்பைக் குறிப்பதில்லை. இதயம் இன்று பெரும்பாலும் மருத்துவச் சொல்லாகிவிட்டது. மார்பையும் உள்ளத்தையும் ஒருங்கே சுட்டும் ‘நெஞ்சு’ என்பதே கல்புக்கு மிக அணுக்கமானது.

வழிபாட்டில் கல்பு

தமிழகக் கடற்கரையில் வழங்கும் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு சட்டமரபுகளிலும் நிய்யத்தின் இடம் கல்பே. நாவால் மொழிதல் அதற்குத் துணை மட்டுமே. எனவே, புறவடிவில் வேறுபாடற்ற இருவர் தொழுகைகள் உள்நோக்கத்தால் வேறுபடலாம். உடலிலுள்ள ஒரு சதைத்துண்டு சீரானால் உடல் முழுவதும் சீராகும், அது கெட்டால் முழுவதும் கெடும் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரியின் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

சூஃபி விளக்கம்

இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் நாற்பது பகுதிகளுள் ஒன்றைக் கல்பின் வியத்தகு இயல்புகளுக்கே ஒதுக்கினார். அவர் கல்பைக் கண்ணாடிக்கு ஒப்பிடுகிறார். பாவம் அதில் படியும் கறை. தவ்பாவும் திக்ரும் அதைத் துலக்குபவை. துலங்கிய கண்ணாடியில் மெய்ம்மை தோன்றும். கல்பு மாறும் இயல்பினதாகலின் ஒருமுறை துலக்குதல் போதாது. திக்ரு நாள்தோறும் தொடர வேண்டுவது இதனாலேயே.

தமிழில் இம்மரபைப் பாடியவர்களுள் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) குறிப்பிடத்தக்கவர். சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய அவர், ‘பராபரக்கண்ணி’ முதலிய பாடல்களில் இறைநாட்டத்தைச் சித்தர் மரபின் சொற்களோடு இணைத்தார். தன் நெஞ்சை விளித்துப் பேசுதல் தமிழில் தொன்மையான மரபாதலால், அகத்தை நோக்கிய சூஃபிநெறிக்குத் தமிழ் அயல்மொழியாக இருக்கவில்லை.

முடிவுரை

அறிவு, உணர்வு, நோக்கம் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் வைப்பது கல்பு என்னும் கருத்து. அவற்றை மூன்றாகப் பிரித்துவிட்டால் வழிபாடு வெறும் சடங்காகவோ வெறும் உணர்ச்சியாகவோ சுருங்கும். இவ்விரு குறைகளையும் தவிர்க்கும் பொருள்நிறைவே அச்சொல் தமிழில் நிலைத்ததற்கு அடிப்படை எனலாம்.