மருதாணிச் சிவப்பு

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் போன்ற, பாறை மலிந்து மழை குறைந்த வட்டாரங்களிலும் வறட்சியைத் தாங்கி வேலிச் செடியாக வளரக்கூடிய மருதாணி, மருதோன்றி, ஐவணம் என்னும் பெயர்களையும் உடையது. 'லாசோனியா இனெர்மிஸ்' என்னும் அதன் தாவரவியல் பெயரின் முற்பகுதி, தாவரவியலாளர் லின்னேயசின் நண்பரான ஸ்காட்லாந்து மருத்துவர் ஐசக் லாசனை நினைவூட்டுவது.

இலையிலுள்ள 'லாசோன்' என்னும் நிறமி, தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு பிணைவதால்தான் சிவப்பு பற்றுகிறது; உடலின் பிற பகுதிகளைவிட உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோலின் புறப்படலம் தடித்திருப்பதால், அங்கே நிறம் ஆழ்ந்து தோன்றுகிறது. அரைத்த விழுதைக் கழுவியவுடன் ஆரஞ்சாகத் தெரியும் நிறம், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாக முதிர்கிறது. தோலில் இரண்டொரு வாரங்களில் மங்கிவிடும் இந்நிறம், நகத்திலோ நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை நீடிக்கும்.

ஆடி மாதத்தில் பெண்கள் இலையைப் பறித்து, பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அம்மியில் அரைத்து, உள்ளங்கை நடுவே ஒரு வட்டமும் அதைச் சுற்றிப் புள்ளிகளும் இட்டு, விரல் நுனிகளுக்குத் தொப்பி போல அப்பிக்கொள்வது தமிழகத்தின் பழைய முறை. விழுது அடைத்த கூம்புகளால் வரையப்படும் நுண்ணிய கொடிக்கோலம் வடக்கிலிருந்து பரவியது. ஆனால் 'கறுப்பு மருதாணி' என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் பாராபினைலீன்டையமின் என்னும் தலைமுடிச் சாயப்பொருள் கலந்திருப்பதால், அது தோலில் கொப்புளங்களை உண்டாக்கக்கூடும்.